எண்ணுக்கும் எல்லை வேண்டும்

கொச்சித் துறைமுகத்தை அடுத்து, உப்பங்கழியின் கரையில் அமைந்துள்ளது மட்டாஞ்சேரி. அதன் யூதத் தெருவிலும் கடைவீதிகளிலும் நடப்பவர்க்கு மிளகு, சுக்கு, ஏலம் ஆகியவற்றின் மணமே வழிகாட்டும். இந்திய மிளகு, நறுமணப் பொருள் வணிகர் சங்கம் இவ்வூரில் 1957-ஆம் ஆண்டு மிளகுக்கான முன்பேர வாணிகத்தைத் தொடங்கியது. சரக்கைக் கண்ணால் காணாமலே, பின்னொரு நாளில் கொடுப்பதாகவும் கொள்வதாகவும் வணிகர்கள் விலை கூவி ஒப்பந்தம் செய்துகொண்டனர்.

காணாத சரக்கை நம்பி வாங்குவது எங்ஙனம்? தரத்திற்கு எல்லை வகுத்துக்கொள்வதே அதற்கு வழி. சலித்துத் தூய்மை செய்யப்பட்ட மலபார் மிளகில் 'எம்.ஜி.1' என்பது பெயர்பெற்ற தரம். அதில் ஈரம் நூற்றுக்கு 11 பங்குக்கு மேற்படலாகாது. உள்ளீடற்ற இலேசான மணிகள் நூற்றுக்கு 2 பங்குக்கும், தூசு, காம்பு முதலிய அயற்பொருள்கள் அரைப் பங்குக்கும் மிகலாகாது. ஒப்பந்தத்தில் 'எம்.ஜி.1' என்று எழுதிய அளவிலே இவ்வெல்லைகள் யாவும் அச்சொல்லுள் அடங்கிவிடுகின்றன. ஒவ்வொரு முறையும் அவற்றைத் திரும்ப எழுத வேண்டுவதில்லை.

இதே கருத்தைக் கணிப்பொறியின் எண்களுக்குப் பொருத்திப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். எல்லையுள்ள முழுவெண் வகை என்று இதனைக் கூறலாம். களத்தில் அளவெடுத்து அனுப்பும் ஊழியர்க்கும், அவ்வளவுகளின் பொருளை மாணவர்க்கு விளக்கும் ஆசிரியர்க்கும் இஃது அறிந்துகொள்ளத் தக்கதொன்றாகும்.

ஈர மிளகு உலர்ந்த மிளகாகும் விந்தை

முதலில் ஒரு கணக்கைக் காண்போம். இது விளக்கத்திற்காக நாமே அமைத்துக்கொண்டது. ஒரு கிடங்கில் பத்து மாதிரிகள் எடுக்கப்படுகின்றன. புள்ளியைத் தவிர்ப்பதற்காக ஈரத்தைப் பத்தால் பெருக்கி முழுவெண்ணாகக் குறிப்பது வழக்கம் என்று கொள்வோம். எனவே 11.5 விழுக்காடு என்பது 115 என எழுதப்படும். ஒன்பது மாதிரிகளில் ஈரம் 115. பத்தாவது மாதிரியை அளக்க இயலவில்லை. அந்தக் கட்டம் வெறுமையாக விடப்பட்டது. கணிப்பொறியோ வெற்றிடத்தைச் சுழி என்று ஏற்றுக்கொண்டது. கூட்டுத்தொகை 1,035, பத்தால் வகுக்க 103.5. அஃதாவது ஈரம் 10.35 விழுக்காடு. அளந்த ஒன்பது மாதிரிகளும் தரத்தை மீறியிருக்க, முழுச் சரக்கும் தேறிவிட்டது! இம்மிளகு கப்பலேறினால் வழியிலேயே பூஞ்சணம் பிடிக்கக்கூடும்.

மற்றொரு வகைப் பிழையும் உண்டு. கணிப்பொறி எண்களைப் 'பிட்' எனப்படும் இரும இலக்கங்களாகச் சேமிக்கிறது. 16 பிட் கொண்ட ஓர் அறையில், குறி இல்லாத எண்ணாயின், 0 முதல் 65,535 வரையே அடங்கும். அதற்கு மேல் ஒன்று கூட்டினால், வண்டியின் தூரமானி முழுச்சுற்று வந்தாற்போல் மீண்டும் சுழியாகிவிடும். 500 மாதிரிகள், ஒவ்வொன்றிலும் ஈரம் 150 (15 விழுக்காடு) என்றால் மொத்தம் 75,000. இஃது அவ்வறையில் 9,464 என்றே பதிவாகும். 500-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 19. பதினைந்து விழுக்காடு ஈரமுள்ள சரக்கில் இரண்டு விழுக்காடுகூட ஈரமில்லை என்று பொறி விடையிறுக்கும். பொறி பழுதுபடவில்லை, இடப்பட்ட ஆணையைப் பிழையின்றியே செய்தது. ஈரம் என்னும் அளவு எங்குத் தொடங்கி எங்கு முடியும் என்பதை அதற்கு எவரும் சொல்லவில்லை என்பதே குறை.

வகையும் எல்லையும்

நிரல்மொழிகளில் ஒவ்வொரு மதிப்புக்கும் 'வகை' ஒன்று உண்டு. இம்மதிப்பு எண்ணா, எழுத்தா, அதற்கு எவ்வளவு இடம் வேண்டும், அதனைக் கொண்டு என்னென்ன செய்யலாம் என்பனவற்றை வகை உரைக்கும். பெல் ஆய்வுக்கூடத்தில் டென்னிஸ் ரிட்சி 1970-களின் தொடக்கத்தில் உருவாக்கிய 'சி' மொழி, இயக்க அமைப்புகளையும் கருவிகளின் உள்நிரல்களையும் எழுதுவதற்கு இன்றும் பெரிதும் பயன்படுகிறது. அம்மொழியில் முழுவெண் வகைகள் பொறியின் அறை அளவை ஒட்டியே அமைந்தவை. எட்டு, பதினாறு, முப்பத்திரண்டு பிட் என்பன பொறியின் வசதிக்கேற்ற எல்லைகளே அன்றி, மிளகின் ஈரத்திற்கோ மழையளவுக்கோ உரிய எல்லைகள் அல்ல.

நிக்கலஸ் விர்த் 1970-இல் வெளியிட்ட 'பாஸ்கல்' மொழி வேறு வழியை மேற்கொண்டது. 'ஈரம் என்பது 50 முதல் 250 வரையுள்ள முழுவெண்' என்று நிரலின் தொடக்கத்திலேயே அறிவிக்க அதில் இடமுண்டு. அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் தேவைக்காக ழான் இஷ்பியா தலைமையில் வடிவமைக்கப்பெற்று, 1983-இல் அந்நாட்டின் தேசியத் தரமாக ஏற்கப்பட்ட 'ஏடா' மொழி இதனை மேலும் விரிவாக்கியது. அம்மொழியில் சாக்குகளின் எண்ணிக்கையும் கிலோ எடையும் ஒரே எல்லைக்குள் அடங்குவனவாயினும், அவற்றைத் தனித்தனி வகைகளாக அறிவிக்கலாம். அங்ஙனம் அறிவித்தபின் ஒன்றை மற்றொன்றுடன் தவறிக் கூட்ட முயன்றால், நிரல் ஓடத் தொடங்கு முன்பே அது மறுக்கப்படும். நம் நாட்டின் தேஜஸ் போர்விமானத்தின் பறப்புக் கட்டுப்பாட்டு நிரல் ஏடா மொழியில் எழுதப்பட்டதாகும்.

நாம் எழுதும் நிரலைப் பொறியின் மொழிக்கு மாற்றித் தருவது 'தொகுப்பி'. அறிவிக்கப்பட்ட எல்லையைக் கொண்டு தொகுப்பி செய்யும் பணிகள் மூன்று.

முதற்பணி: இடம் ஒதுக்குதல்

50 முதல் 250 வரை உள்ள மதிப்புகள் 201. எட்டு பிட் அறையில் 256 மதிப்புகள் அடங்குமாதலின் அவ்வறையே போதும். ஆண்டுகளை 1957 முதல் 2100 வரை என்று வரையறுப்போமாயின் என்னாகும்? 2100 என்னும் எண்ணை நேராக எழுத 12 பிட்டுகள் வேண்டும். ஆனால் மதிப்புகள் 144 மட்டுமே. ஆகவே கீழெல்லையான 1957-ஐக் கழித்து, மிகுதியை மட்டும் சேமித்தால் எட்டு பிட்டுகளே போதுமானவை. 1957 என்பது 0 ஆகவும், 2100 என்பது 143 ஆகவும் உள்ளே நிற்கும். சில ஏடாத் தொகுப்பிகள் வேண்டும்பொழுது இம்முறையையும் கையாளுகின்றன.

எஞ்சிய வெற்று மதிப்புகளுக்கும் பயனுண்டு. ஈரம் சுழியாகவே இராது என்று தொகுப்பி அறிந்தால், உள்ளே சுழியை 'அளக்கப்படவில்லை' என்பதற்கு அடையாளமாக வைத்துக்கொள்ளலாம். 'ரஸ்ட்' மொழியில் சுழியல்லாத முழுவெண் வகைகள் 2018 முதல் நிலையாக இடம்பெற்றுள்ளன. அவ்வகை எண் ஒன்று 'உண்டு' அல்லது 'இல்லை' என்று இருநிலை பெறும்பொழுது, கூடுதலாக இடம் எதனையும் கொள்வதில்லை. அன்றியும் 'இல்லை' என்பதை எண்ணாகக் கருதிக் கூட்ட நிரலாளருக்கு அம்மொழி இடங்கொடுப்பதில்லை. முதலில் மதிப்பு உண்டா என்று கேட்டே தீரவேண்டும். நம் முதற்கணக்கில் வெற்றிடம் சுழியாகிப் போன தீங்கு இங்கு நேராது.

இரண்டாம் பணி: வாயிற்காவல்

வெளியிலிருந்து வரும் எண் எல்லைக்குள் உள்ளதா என்று சோதிக்க, கீழெல்லையோடு ஒரு முறையும் மேலெல்லையோடு ஒரு முறையும் ஒப்பிட வேண்டும் என்று தோன்றும். ஆனால் தொகுப்பிகள் இதனை ஒரே ஒப்பீட்டில் முடித்துவிடுகின்றன. உள்வரும் எண்ணிலிருந்து 50-ஐக் கழித்து, விடையைக் குறியில்லா எண்ணாகக் கொண்டு, அது 200-க்கு மிகாதா என்று மட்டும் பார்க்கின்றன. எண் 113 ஆயின் விடை 63, ஏற்கத்தக்கது. எண் 30 ஆயின் விடை சுழிக்குக் கீழே செல்ல வேண்டும். ஆனால் 16 பிட் அறையில் அது பின்னோக்கிச் சுழன்று 65,516 என்றாகும். அது 200-ஐ விட மிகப் பெரிது, ஆகவே மறுக்கப்படும். முன்னர் நமக்குத் தீங்கு செய்த தூரமானிச் சுழற்சியே இங்குக் காவலனாக நிற்பது கருதத்தக்கது.

பெருக்கற்பிழையும் இவ்வாயிலிலேயே பிடிபடும். 11.3 என எழுத வேண்டியவர் புள்ளியை விட்டு 113 என எழுதிவிட, நிரல் அதனை மீண்டும் பத்தால் பெருக்கினால் 1,130 ஆகும். மேலெல்லை 250 ஆதலின் அது உள்ளே நுழையாது.

மூன்றாம் பணி: எல்லைகளைக் கணக்கிடுதல்

எல்லாவிடத்தும் காவல் வைத்தால் பொறியின் வேகம் குறையும் என்பது பழைய முறையீடு. இதற்குத் தொகுப்பி தரும் விடை, எண்களைப் போலவே எல்லைகளையும் கூட்டிப் பெருக்கிப் பார்ப்பதாகும். ஒன்று 0 முதல் 10 வரை, மற்றொன்று 0 முதல் 20 வரை எனில், கூட்டுத்தொகை 0 முதல் 30 வரையே இருக்கக்கூடும். அதனை வைக்கும் இடம் 0 முதல் 40 வரை ஏற்குமாயின் அங்குச் சோதனை வேண்டா. தொகுப்பி அதனை நீக்கிவிடும். மாதிரிகளின் எண்ணிக்கை 1 முதல் 500 வரை என்று அறிவித்திருந்தால், சுழியால் வகுக்க நேருமோ என்ற ஐயமும் எழாது. கூட்டுத்தொகை மிகுதியாகப் போனால் 500 முறை 250, அஃதாவது 1,25,000 ஆகும் என்பதும் தெளிவு. அதனை 0 முதல் 1,25,000 வரை என்று அறிவித்தால், 16 பிட் அறை போதாதென்று கண்டு பெரிய அறையைத் தொகுப்பியே ஒதுக்கும். நம் இரண்டாம் கணக்கின் பிழை தோன்றவே வழியில்லை.

இக்கணக்கீட்டுக்கும் ஓர் அளவு உண்டு என்பதை மறைத்தல் கூடாது. கூட்டுத்தொகையை எண்ணிக்கையால் வகுத்துச் சராசரி காணும்பொழுது, அச்சராசரி 50-க்கும் 250-க்கும் இடையே இருக்கும் என்று நாம் அறிவோம். தொகுப்பியோ இரண்டு எண்களையும் தனித்தனியே நோக்குவதால், விடை 0 முதல் 1,25,000 வரை எங்கும் இருக்கலாம் என்றே கருதும். கூட்டுத்தொகைக்கும் எண்ணிக்கைக்கும் உள்ள உறவு அதன் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. ஆகையால் அவ்விடத்தில் ஒரு சோதனையை விட்டுவைக்கும். ஏடாவிலிருந்து பிறந்த 'ஸ்பார்க்' என்னும் மொழியில், இத்தகைய உறவுகளை நிரலாளர் எழுதிக்காட்டினால், எல்லை மீறப்படாது என்பதைக் கணித நிறுவலாகவே பெறலாம். அங்ஙனம் நிறுவியபின் சோதனையை நீக்குவதில் அச்சமில்லை.

எல்லை மீறப்பட்டால்?

காவலன் ஒருவனை நிறுத்திவிட்டோம். அவன் கள்வனைக் கண்டால் செய்யவேண்டியது யாது? நிரலை நிறுத்திவிடலாம். தவறான மதிப்பை எல்லையளவிற்குக் குறைத்துக்கொள்ளலாம். அதனை ஒதுக்கி வைத்து மனிதரிடம் கேட்கலாம். எதனைச் செய்வதென்று தொகுப்பி தானே முடிவு செய்ய இயலாது. பணியின் இயல்பறிந்தவரே முடிவு செய்தல் வேண்டும். இதனைத் தெளிவாக்கும் வரலாறு ஒன்று உண்டு.

1996-ஆம் ஆண்டு ஜூன் 4-ஆம் நாள், தென் அமெரிக்காவில் பிரெஞ்சு கயானாவிலுள்ள கூரூ தளத்திலிருந்து ஐரோப்பாவின் ஏரியான் 5 ராக்கெட் முதன்முறையாக ஏவப்பட்டது. ஒரு நிமிடமும் கழியுமுன் அது வழிதவறிச் சிதறியது. நான்கு 'கிளஸ்டர்' ஆராய்ச்சித் துணைக்கோள்கள் அதனுடன் அழிந்தன. ராக்கெட்டின் நிலையை உணர்த்தும் கருவியின் நிரல் ஏடா மொழியில் எழுதப்பட்டது. முந்திய ஏரியான் 4-க்காக ஆக்கப்பட்டு அப்படியே எடுத்தாளப்பட்டது. அதில் கிடைத்திசை வேகத்தோடு தொடர்புடைய ஒரு மதிப்பு, 64 பிட் பதின்ம எண்ணிலிருந்து 16 பிட் முழுவெண்ணாக மாற்றப்பட்டது. குறியுள்ள 16 பிட் முழுவெண்ணின் மேலெல்லை 32,767. ஏரியான் 4-இன் பாதையில் அம்மதிப்பு அதனை எட்டியதில்லை. புதிய ராக்கெட்டின் கிடைவேகம் மிகுதி, எல்லை கடந்துவிட்டது.

விசாரணைக் குழுவின் அறிக்கையில் கருதத்தக்க செய்தி ஒன்றுண்டு. ஆபத்துக்கு இடமான மாறிகள் ஏழு எனக் கண்டு, அவற்றுள் நான்குக்கு மட்டும் காவல் இட்டிருந்தனர். கணிப்பொறியின் வேலைச்சுமை நூற்றுக்கு 80-ஐ மீறலாகாது என்பதற்காக மூன்றை விட்டுவிட்டனர். அம்மூன்றுள் ஒன்றே எல்லை மீறியது. மீறலைப் பொறி கண்டுகொண்டது. கண்டவுடன் கருவி முழுவதையும் நிறுத்திவிட்டது. மாற்றாக வைத்திருந்த கருவியும் அதே நிரலைக் கொண்டதாகையால், அதே காரணத்தால் முன்னரே நின்றுபோயிருந்தது. அக்கணக்கோ, ராக்கெட் தரையை விட்டு எழுந்தபின் தேவையே இல்லாத ஒன்று!

இதிலிருந்து பெறும் பாடங்கள் இரண்டு. எல்லையை ஒருவர் மனத்தில் மட்டும் வைத்திருந்தால், அடுத்தவர் கைக்கு நிரல் செல்லும்பொழுது அது தொலைந்துபோகும். எல்லை மீறினால் என்ன செய்வது என்பதை முன்னரே சிந்தியாவிடில், காவலே கேடாக முடியும்.

எல்லையே தவறானால்?

மிளகுச் சந்தையில் தொடங்கிய நாம் மற்றொரு சந்தை நிகழ்ச்சியையும் நோக்குவோம். 'விலை சுழிக்குக் கீழே செல்லாது' என்பது எவரும் ஐயுறாத எல்லை. 2020-ஆம் ஆண்டு ஏப்ரல் 20-ஆம் நாள், நியூயார்க்கில் மே மாதக் கச்சா எண்ணெய் ஒப்பந்தத்தின் விலை பீப்பாய்க்கு 37.63 டாலர் சுழிக்குக் கீழே முடிந்தது. பெருந்தொற்றுக் காலத்தில் எண்ணெயை வைக்க இடமின்றிப் போனமையால், எடுத்துச் செல்வோர்க்கு விற்பவரே பணம் கொடுக்கும் நிலை வந்தது. மும்பையிலுள்ள எம்.சி.எக்ஸ். சந்தை தன் ஏப்ரல் ஒப்பந்தத்தை அதனையொட்டிப் பீப்பாய்க்கு 2,884 ரூபாய் சுழிக்குக் கீழே தீர்வு செய்தது. 'விலை என்பது குறியில்லா எண்' என்று எழுதப்பட்ட நிரல் எதுவும் அன்று உண்மையான விலையை ஏற்க மறுத்திருக்கும்.

ஆகவே எல்லை என்பது உலகைப் பற்றி நாம் கூறும் ஒரு கூற்று. உலகம் மாறினால் அதனையும் மாற்றியாக வேண்டும். எல்லை ஒரே இடத்தில் அறிவிக்கப்பட்டிருந்தால் மாற்றுவது எளிது. நிரலின் நூறு மூலைகளில் மறைந்திருந்தால் ஒன்றேனும் விடுபடும்.

எல்லைக்குள் அடங்கிய எண் யாவும் உண்மையானதே என்று கொள்வதும் பிழை. 2012-ஆம் ஆண்டின் இறுதியில், கொச்சிக் கிடங்குகளில் இருந்த பெருமளவு மிளகு, கனிம எண்ணெய் கலந்ததென்ற ஐயத்தின்பேரில் முத்திரையிடப்பட்டது. ஈரமும் எடையும் எல்லைக்குள் இருந்தாலும், எண்ணெய்ப் பூச்சு உண்டா என்று எவரும் அளவாவிடில் எந்த எல்லையும் அதனைத் தடுக்க இயலாது.

ஆசிரியர்க்கும் ஊழியர்க்கும்

இப்பாடத்தை வகுப்பில் நடத்தக் கணிப்பொறி வேண்டுவதில்லை. அஞ்சல் குறியீட்டு எண்ணை எடுத்துக்கொள்ளலாம். மட்டாஞ்சேரியின் எண் 682002. ஆறிலக்கம், முதலிலக்கம் சுழியன்று என்பதால் எல்லை 1,00,000 முதல் 9,99,999 வரை. இதற்கு எத்தனை பிட்டுகள் வேண்டும் என்று மாணவரைக் கேட்கலாம்; 20 என்பது விடை. பின்னர், இரண்டு ஊர்களின் குறியீட்டு எண்களைக் கூட்டினால் வருவது யாது என்று கேட்க வேண்டும். அதற்குப் பொருளே இல்லை என்று மாணவர் தாமே கண்டுகொண்டால், எண்ணுக்கும் வகைக்கும் உள்ள வேறுபாடு விளங்கிவிடும்.

களப்பணியாளர் தம் பதிவேட்டின் ஒவ்வொரு பத்தியின் தலைப்பிலும் மூன்றைக் குறித்துவைத்தல் நன்று: அளவின் அலகு, இருக்கக்கூடிய மிகக் குறைந்த மதிப்பும் மிக உயர்ந்த மதிப்பும், அளக்க இயலாதபொழுது எழுதவேண்டிய குறி. அக்குறி 0, 99, 999 போன்ற எண்ணாக இராமல், 'அ.இ.' என்பது போன்ற எழுத்தாக இருத்தல் வேண்டும். எல்லை கடந்த அளவு ஒன்று வருமாயின் அதனை அடித்துத் திருத்தாமல், அப்படியே எழுதி அருகில் குறிப்பிடுக. கருவி பழுதாயிருக்கலாம், அல்லது உலகமே மாறியிருக்கலாம். எது என்று முதலில் அறியக்கூடியவர், சாக்கின் அருகே நின்று அதனை அளந்தவரே ஆவார்.